பூட்டிய ஏட்டில் இருக்கும் கணக்கு உழவருக்கு உதவாது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வயலில் காய்த்ததே வயிற்றை நிரப்பும் என்று விவசாயிகள் எண்ணுவதில் தவறில்லை. ஆனால் இந்நாளில் அரசு அலுவலக ஏட்டில் எழுதப்படும் ஓர் எண், வயலில் விளைந்த நெல்லைப் போலவே விவசாயியின் வரவைத் தீர்மானிக்கிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, உர இருப்பு, அணை நீர்மட்டம், கொள்முதல் விலை, பட்டாவில் உள்ள பரப்பு ஆகிய எல்லாமே ஏட்டு எண்கள்தாம். அந்த எண் சரியா, தவறா என்று பார்க்க விவசாயிக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழியைத்தான் 'திறந்த தரவு' என்று கூறுகிறார்கள். அரசு மக்கள் பணத்தில் திரட்டும் புள்ளிவிவரங்களை, யாரும் கேட்காமலே, எவரும் இலவசமாகப் பார்த்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிடுவதே இதன் பொருள்.

இது படித்தவர்களுக்கும் பட்டணத்தாருக்கும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டு ஏக்கர் சாகுபடி செய்பவருக்கே இது முதலில் தேவை. எப்படி என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் காணலாம்.

ஒரு கிலோ நெல்லின் விலை என்ன?

2016-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு விவசாயியின் வயலையும் தனித்தனியே பார்த்து மகசூல் இழப்பைக் கணக்கிடுவதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, 'பயிர் அறுவடை பரிசோதனை' நடத்துகிறார்கள். முக்கியப் பயிர்களுக்குக் கிராம அளவில் குறைந்தது நான்கு பரிசோதனைகள் நடத்த வேண்டும் என்பது விதி. நெல் வயலில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட சதுரத்தை அளந்து, அதில் விளைந்த கதிரை அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். அந்த எடையைக் கொண்டே அந்தக் கிராமம் முழுவதற்குமான மகசூல் நிர்ணயிக்கப்படுகிறது.

25 சதுர மீட்டரில் கிடைக்கும் ஒரு கிலோ நெல், ஏக்கருக்கு ஏறத்தாழ 162 கிலோவுக்குச் சமம். பரிசோதனைகளின் சராசரி எடை 10 கிலோ என்றால் ஏக்கருக்கு 1,619 கிலோ; 11 கிலோ என்றால் 1,781 கிலோ. (ஈரப்பதத்திற்கான கழிவை இங்கே சேர்க்கவில்லை.)

கடந்த ஆண்டுகளின் மகசூலைக் கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் 'உத்தரவாத மகசூல்' முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. உண்மை மகசூல் அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில்தான் இழப்பீடு. உதாரணமாக, உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை ரூ.30,000 என்றும் வைத்துக்கொள்ளலாம். சராசரி எடை 10 கிலோ என்றால் குறைவு 381 கிலோ, இழப்பீடு ரூ.5,715. சராசரி எடை 11 கிலோ என்றால் குறைவு 219 கிலோ, இழப்பீடு ரூ.3,285. ஒரு கிலோ வித்தியாசத்தில் ஏக்கருக்கு ரூ.2,430 கூடுகிறது அல்லது குறைகிறது. கிராமத்தில் 100 ஏக்கர் காப்பீடு செய்யப்பட்டிருந்தால், அந்த ஒரு கிலோவின் மதிப்பு ரூ.2,43,000.

தராசில் நேர்ந்த தவறு, எழுதும்போது இலக்கம் மாறிய தவறு, நன்கு விளைந்த மூலையை மட்டும் அளந்த தவறு ஆகிய எதுவாயினும் ஊர் முழுவதையும் பாதிக்கும். எடை போட்ட அன்றே எந்தச் சர்வே எண், எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிவிட்டால், அந்த வயலின் சொந்தக்காரரும் பக்கத்து வயல்காரரும் மறுநாளே சரிபார்த்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து இழப்பீட்டுத் தொகை மட்டும் வங்கிக்கு வந்தால், தவறைக் கண்டுபிடிப்பது கடினம். செயற்கைக்கோள் படங்களின் உதவியுடன் மகசூலை மதிப்பிடும் முறையும் 2023-ம் ஆண்டு முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் புகுத்தப்பட்டுள்ளது. வானிலிருந்து கணக்கிட்ட எண்ணையும், தரையில் எடை போட்ட எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க விவசாயிக்கு வாய்ப்பு இருந்தால்தான் இம்முறையில் நம்பிக்கை பிறக்கும்.

ஏடுகள் பூட்டப்பட்டது ஏன்?

அரசின் ஏடு அரசுக்கே உரியது என்பது பழைய எண்ணம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1923-ம் ஆண்டு அலுவலக இரகசியச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நாட்டின் பாதுகாப்பைக் காக்க எழுந்த அந்தச் சட்டத்தின் நிழல், சாலை போட்ட கணக்கு, கிணறு வெட்டிய கணக்கு ஆகியவற்றின் மீதும் படிந்தது. விடுதலைக்குப் பின்னும் பல அலுவலகங்களில் இந்த வழக்கம் நீடித்தது.

எல்லா நாடுகளும் இப்படி இருக்கவில்லை. சுவீடன் நாட்டில் 1766-ம் ஆண்டிலேயே அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்க உரிமை அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அந்த உரிமை வர இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது வந்த கதையில் ஏழை விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

ராஜஸ்தான் காட்டிய வழி

ராஜஸ்தான் மாநிலத்தின் நடுப்பகுதி மழை குறைந்த, கற்கள் நிறைந்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்குள்ள சிறு விவசாயிகள் அரசின் வறட்சி நிவாரண வேலைக்குச் செல்வார்கள். நாள் முழுவதும் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, "நீங்கள் செய்த வேலையின் அளவு ஏட்டில் குறைவாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றபோது, அது இரகசிய ஆவணம் என்று கூறப்பட்டது.

அங்கிருந்துதான் போராட்டம் தொடங்கியது. சென்னையில் பிறந்தவரும், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து 1975-ம் ஆண்டு விலகியவருமான அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1987-ம் ஆண்டு தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் ஒரு குடிசையில் தங்கி மக்களோடு வாழ்ந்தார்கள். 1990-ம் ஆண்டு மே 1-ம் நாள் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற உழவர், உழைப்பாளர் அமைப்பு அங்கே உருவாயிற்று.

அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. கிடைத்த வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். 1994-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. தொடர்ந்து பல ஊர்களில் இவ்வாறு கணக்கு படிக்கப்பட்டது. கூலி பெற்றதாக எழுதப்பட்ட பெயர்களில் இறந்துபோனவர்களின் பெயரும், ஊரை விட்டுப் போய்விட்டவர்களின் பெயரும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட எழுந்து, "அந்த நாளில் நான் வேலைக்கே போகவில்லை" என்று சாட்சி சொன்னார்கள். தணிக்கை அதிகாரி மேசையில் அமர்ந்து கண்டுபிடிக்க முடியாத தவற்றை, ஊர் மக்கள் ஒரு பகலில் கண்டுபிடித்தார்கள். கணக்கில் உள்ள மனிதரையும் கட்டடத்தையும் நேரில் அறிந்தவர்கள் அவர்கள்தாம் அல்லவா?

1996-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பியாவர் நகரில் அவர்கள் தொடங்கிய தர்ணா 40 நாட்கள் நீடித்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்பது அவர்களது முழக்கம். சுற்று வட்டாரக் கிராமத்தார் தானியமும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்து, அமர்ந்திருந்தவர்களுக்கு உதவினார்கள். அதே ஆண்டில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில், தகவல் உரிமைக்கான ஒரு மாதிரிச் சட்ட வரைவைத் தயாரித்து அளித்தது. அரசை எதிர்த்துக் கூச்சலிட்டதோடு நில்லாமல், சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. திறக்க விரும்பும் அரசுக்கு வழி தெரிய வேண்டும். தயங்கும் அரசுக்கு மக்களின் தூண்டுதல் வேண்டும். இரண்டும் சேர்ந்தபோதுதான் காரியம் நடந்தது.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. தகவல் உரிமைக்காக மாநிலச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. ஆனால் அச்சட்டத்தில் விலக்குகள் மிகுந்திருந்ததால் மக்களுக்குப் பெரும் பயன் கிட்டவில்லை. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ம் ஆண்டு அக்டோபர் 12-ம் நாள் நடைமுறைக்கு வந்தது.

கேட்டால் தருவது, கேளாமல் தருவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றவுடன் மனு எழுதிக் கேட்பதே எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அச்சட்டத்தின் 4-வது பிரிவை அறிந்தவர்கள் குறைவு. ஒவ்வோர் அரசு அலுவலகமும் தன் பணிகள், திட்டங்கள், ஒதுக்கீடு, செலவு, மானியம் வழங்கும் முறை, பயனாளிகள் விவரம் ஆகியவற்றைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. மக்கள் மனு எழுத வேண்டிய தேவையே குறையும் அளவுக்கு வெளியிட வேண்டும் என்பது அதன் நோக்கம். வட்டார மொழியில், அந்தந்தப் பகுதியில் எளிதில் எட்டும் முறையில் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு குறிப்பிடுகிறது.

இந்த எண்ணம் உலகெங்கும் வளர்ந்தது. அமெரிக்க அரசு 2009-ம் ஆண்டு மே மாதத்திலும், பிரிட்டிஷ் அரசு 2010-ம் ஆண்டு ஜனவரியிலும் தங்கள் புள்ளிவிவரங்களுக்கென ஒரே பொது இணையதளத்தை அமைத்தன. இந்திய அரசு 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையை அரசிதழில் வெளியிட்டது. ஒவ்வொரு துறையும் மூன்று மாதத்திற்குள் குறைந்தது ஐந்து முக்கியப் புள்ளிவிவரத் தொகுப்புகளையும், ஓராண்டில் மீதியையும் வெளியிட வேண்டும் என்று அக்கொள்கை கெடு விதித்தது. இதற்கான இணையதள அமைப்பை இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாக உருவாக்கின. பிற நாடுகளும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசும் 2022-ம் ஆண்டு தனக்கென ஒரு தரவுக் கொள்கையை வெளியிட்டது.

2015-ம் ஆண்டு பல அரசுகளும் அமைப்புகளும் சேர்ந்து சர்வதேசத் திறந்த தரவு சாசனம் ஒன்றை உருவாக்கின. அதில் ஆறு கோட்பாடுகள் உள்ளன. விவசாயிகளுக்குப் புரியும்படி அவற்றை இவ்வாறு சொல்லலாம்.

1. திறந்திருப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். மூடி வைக்கத்தான் காரணம் காட்ட வேண்டும்.

2. காலத்தோடும் முழுமையாகவும் தர வேண்டும். கதிர் முற்றிய பிறகு வரும் விதை விவரத்தால் பயனில்லை.

3. எளிதில் கிடைக்க வேண்டும். பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும்.

4. ஒன்றோடு ஒன்று ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு துறை ஏக்கரிலும் மற்றொரு துறை எக்டேரிலும், ஒன்று கிராமப் பெயராலும் மற்றொன்று குறியீட்டு எண்ணாலும் எழுதினால் ஒப்பிட இயலாது.

5. நிர்வாகம் சீர்படவும், மக்கள் பங்கு கொள்ளவும் உதவ வேண்டும்.

6. எல்லோருடைய வளர்ச்சிக்கும் புதிய முயற்சிகளுக்கும் பயன்பட வேண்டும்.

போராடிய மாநிலமே வழிகாட்டியது

கொள்கை டெல்லியில் இருந்தால் போதாது. பஞ்சாயத்து வரை இறங்கி வர வேண்டும். இதற்கும் ராஜஸ்தானே எடுத்துக்காட்டாக அமைந்தது. 2019-ம் ஆண்டு செப்டம்பர் 13-ம் நாள் அம்மாநில அரசு 'ஜன் சூச்னா' என்ற மக்கள் தகவல் இணையதளத்தைத் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் வீதியில் அமர்ந்து கணக்குக் கேட்ட அதே அமைப்பினரை அரசு அழைத்து, எந்தத் தகவல் எந்த வடிவில் வேண்டும் என்று கலந்து பேசித்தான் இதை அமைத்தது. ரேஷன் வழங்கல், ஊரக வேலை, விவசாயக் கடன் தள்ளுபடி போன்றவற்றின் விவரம் பஞ்சாயத்து வாரியாக அதில் வெளியிடப்பட்டது.

கடன் தள்ளுபடியை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது கூட்டுறவுச் சங்க ஏட்டில் மட்டும் இருந்தால், வாங்காத கடனும் தள்ளுபடியாகலாம். வாங்கிய கடன் தள்ளுபடியாகாமலும் போகலாம். பட்டியல் ஊரார் கண்ணில் பட்டால் இரண்டும் கடினம்.

2005-ம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும் இதே படிப்பினை இருந்தது. கிராம சபையே வேலைகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அச்சட்டத்தின் 17-வது பிரிவு விதித்தது. வருகைப் பட்டியல்கள் இணையதளத்தில் ஏற்றப்பட்டன. ஒரு காலத்தில் இரகசியம் என்று மறுக்கப்பட்ட அதே வகை ஏடு, எவரும் பார்க்கும் ஏடாக மாறியது.

தமிழ்நாட்டு விவசாயிகள் பார்க்கக்கூடியவை

சந்தை விலை: மத்திய வேளாண் அமைச்சகத்தின் 'அக்மார்க்நெட்' 2000-ம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு வந்த விளைபொருளின் வரத்தும் விலையும் நாள்தோறும் இதில் இடம்பெறுகின்றன. குறைந்த விலை, அதிக விலை, பெரும்பான்மை விலை என மூன்று எண்கள் இருக்கும். அதிக விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சரக்கின் பெரும்பகுதி எந்த விலைக்குப் போயிற்றோ அந்தப் பெரும்பான்மை விலையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

உரம், விதை இருப்பு: 2018-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'உழவன்' கைப்பேசிச் செயலி உர இருப்பு, விதை இருப்பு, மானியத் திட்டங்கள், சந்தை விலை ஆகியவற்றைத் தெரிவிப்பதற்காக அமைந்தது. கைப்பேசி இல்லாதவர்களுக்கும் ஒரு பழைய வழி உண்டு. 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு உரக்கடையிலும் இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். கணினி வருவதற்கு முன்பே வந்த திறந்த தரவு இது. செயலியில் யூரியா இருப்பு காட்டப்பட்டு, பலகையில் இல்லை என்றிருந்தால், கடைக்காரரிடம் விளக்கம் கேட்க விவசாயிக்கு முழு நியாயம் உண்டு.

நில ஆவணம்: பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணைய சேவையிலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். சாகுபடி தொடங்குமுன் ஆண்டுக்கொரு முறை சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை சரியாக உள்ளனவா என்று பார்த்துவிடுவது நல்லது. இதில் தவறிருந்தால் கடன், காப்பீடு, கொள்முதல் அனைத்திலும் சிக்கல் எழும்.

நீர் இருப்பு: மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அன்றாட மட்டமும் வரத்தும் வெளியிடப்படுவதால், குறுவைக்கு நாற்று விடலாமா, நேரடி விதைப்பு செய்யலாமா என்று டெல்டா விவசாயிகள் ஓரளவு முடிவு செய்ய முடிகிறது. கர்நாடகம் சாதாரண ஆண்டில் 177.25 டி.எம்.சி. நீர் தர வேண்டும் என்று 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நீரை அளக்கும் இடம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. அளப்பது இரு மாநிலங்களையும் சாராத மத்திய நீர்வள ஆணையம். ஒரே எண்ணை இரு தரப்பும் பார்ப்பதால், எவ்வளவு நீர் வந்தது என்பதில் வாதம் குறைகிறது. வழக்கு தீர்ந்துவிடாவிட்டாலும், பேச்சுக்கு ஓர் அடிப்படை கிடைக்கிறது.

அரசிடம் உள்ள தகவலை ஊருக்கெல்லாம் சொன்னால் விளையும் நன்மை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1960-களில் ஆடுதுறை 27 நெல் இரகத்தின் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி தஞ்சை விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது. அதனால் அந்த இரகத்திற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. அன்று அலுவலரின் குறிப்பேட்டில் இருந்தது எல்லோர் காதிலும் விழுந்தது. வயலில் விளைச்சல் ஏறியது.

இன்னும் உள்ள குறைகள்

திறந்துவிட்டோம் என்று அறிவிப்பது எளிது. உண்மையில் திறப்பது கடினம். பல துறைகள் தாளைப் படம் பிடித்து அப்படியே ஏற்றிவிடுகின்றன. கூட்டவோ கழிக்கவோ ஒப்பிடவோ இயலாத இத்தகைய பட்டியல், தூற்றாத களத்து நெல்லைப் போன்றது. பதரும் மணியும் கலந்தே கிடக்கும். சில விவரங்கள் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளன. சில, மாவட்ட அளவோடு நின்றுவிடுகின்றன. மாவட்டச் சராசரியைப் பார்த்து எந்த விவசாயியும் தன் ஊரின் கணக்கைச் சரிபார்க்க முடியாது.

மற்றொரு பக்கமும் உண்டு. எல்லாவற்றையும் திறந்துவிடக் கூடாது. விவசாயியின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், நோய் விவரம் ஆகியவை அவருக்கே உரியவை. இவை வெளியானால் மோசடிக்காரர் கையில் சிக்கும். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்க வந்ததே. ஆனால் அதே சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரம் பற்றிய விலக்கை விரிவாக்கவும் வகை செய்தது. இதனால் மானியம் பெற்றவர் பட்டியல், கூலிப் பட்டியல் ஆகியவையும் மறைக்கப்படலாம் என்று தகவல் உரிமை இயக்கத்தினர் அஞ்சுகிறார்கள். பொதுநலன் பெரிதாக இருக்குமிடத்தில் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவு சட்டத்தில் தொடர்கிறது. மக்கள் பணம் யாருக்குப் போயிற்று என்பது பொதுக் கணக்கு. அவரது வங்கி எண் என்ன என்பது சொந்தக் கணக்கு. இந்த வரப்பைச் சரியாகப் போடுவதே இனி அரசுகளின் முன் உள்ள வேலை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

வெளியிடப்படாத விவரத்தை மனு மூலம் கேட்டுப் பெறலாம். சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினால் போதும். தமிழ்நாட்டில் ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேறு அலுவலகத்திற்குரிய மனுவாக இருந்தால், பெற்றவரே ஐந்து நாட்களுக்குள் அதை உரிய இடத்திற்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதன் பிறகு 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்திற்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250 வீதம் ரூ.25,000 வரை தண்டம் விதிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

மனுவில் குறைகளை அடுக்கி எழுதக் கூடாது. "எங்கள் ஊருக்கு ஏன் இழப்பீடு குறைவு?" என்று கேட்டால் விளக்கம் வரலாம், ஏடு வராது. "இன்ன கிராமத்தில், இன்ன பருவத்தில் நெற்பயிருக்கு நடத்தப்பட்ட பயிர் அறுவடை பரிசோதனைகள் ஒவ்வொன்றின் சர்வே எண், தேதி, பதிவான எடை, கணக்கிட்ட மகசூல், அக்கிராமத்தின் உத்தரவாத மகசூல் ஆகியவற்றின் நகல் தேவை" என்று கேட்க வேண்டும். நகலுக்குப் பதிலாக, நேரில் சென்று ஏட்டைப் பார்வையிட்டுக் குறிப்பெடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. நாலைந்து பேர் சேர்ந்து, படித்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தால் எளிதாக இருக்கும்.

அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளில் வயல்காரரும் பக்கத்து விவசாயிகளும் நேரில் இருப்பது மிக நல்லது. அளவு நாடா, தராசு, எடை ஆகியவற்றைக் கண்ணால் கண்டு, தங்கள் குறிப்பேட்டிலும் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். பிறகு அரசின் ஏடு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கத் தம்மிடமும் ஒரு கணக்கு இருக்கும். அலுவலர்களை எதிரிகளாகக் கருத வேண்டியதில்லை. நேர்மையாக எடை போட்ட அலுவலருக்கு ஊராரின் சாட்சியே பாதுகாப்பு.

கிராம சபை தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. பயிர் அறுவடை பரிசோதனை விவரத்தையும், உத்தரவாத மகசூலையும் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுத வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். நூறு ஊர்களிலிருந்து ஒரே தீர்மானம் சென்றால், அது கொள்கையாக மாறும் வாய்ப்பு உண்டு. ராஜஸ்தானில் ஒரு சிற்றூரில் எழுந்த கேள்விதான் நாட்டின் சட்டமாயிற்று என்பதை மறக்கலாகாது.

சம்பா அறுவடைக்கு நாள் குறிக்கும்போது, பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்பதையும் விவசாயிகள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தராசில் ஏறும் அந்தப் பத்துப் பதினொரு கிலோ நெல்லில்தான் ஊரின் இழப்பீடு முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த எடை ஊரறிய எழுதப்படுமானால், ஏட்டுச் சுரைக்காயும் ஒருநாள் கறிக்கு உதவும்.